வலிப்பும் மூளைக் கட்டியும்: கலத்தின் வாயிலில் நிகழும் கோளாறு

சில ஆண்டுகளுக்கு முன்னர், மருதனார்மடம் சந்தை கூடியிருந்த ஒரு காலை வேளையில் இப்பத்தியாளர் கண்ட காட்சி இது. மரக்கறி மூடை இறக்கிக்கொண்டிருந்த, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் திடீரென நின்றார். அவருடைய வலது கை தானாகவே துடித்தது. வாயின் ஒருபுறம் இழுத்தது. அடுத்த சில விநாடிகளில் நிலத்தில் வீழ்ந்து உடல் முழுவதும் வெட்டி இழுக்கத் தொடங்கியது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் தமது திறப்புக் கோவையை எடுத்து அவருடைய கைக்குள் திணித்தார். இரண்டு நிமிடமளவில் இழுப்பு அடங்கியது. "இரும்பு கைக்குப் போனதும் நின்றுவிட்டது, பார்த்தீர்களா?" என்றார் திறப்புக்குரியவர். ஒருவரும் மறுக்கவில்லை, இப்பத்தியாளரும் மறுக்கவில்லை.

அம்மனிதருக்கு அதற்கு முன்னர் வலிப்பு வந்ததில்லை என்பதையும், வீட்டார் பார்வை பார்ப்பித்து நூல் கட்டியதில் சில மாதங்கள் கழிந்தன என்பதையும், ஈற்றில் எடுத்த ஸ்கானில் மூளையின் இடப்பக்கத்தில் கட்டியொன்று காணப்பட்டது என்பதையும் பின்னரே அறிய முடிந்தது. வலது கையில் முதலில் தோன்றிய அந்தத் துடிப்பு, மூளையின் எந்த இடத்தில் கோளாறு என்பதை ஏறக்குறைய விரல் நீட்டிக் காட்டியிருந்தது. அதனை வாசிக்கத் தெரிந்தவர் அன்று அவ்விடத்தில் இருக்கவில்லை.

வலிப்பு நோய் நமது மரபிற்குப் புதியதன்று. முயலகன் என்ற சொல் கூத்தப்பிரானின் திருவடியின் கீழ்க் கிடக்கும் உருவத்தையும் குறிக்கும், இந்நோயையும் குறிக்கும். கொல்லிமழவனின் மகளைப் பற்றியிருந்த முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்திலே தீர்த்தருளினார் என்பது பெரியபுராணச் செய்தி. இன்று திருவாசி எனப்படும் அத்தலத்தில் நடராசரின் திருவடியின் கீழ் முயலகனுக்குப் பதிலாகப் பாம்பு இருப்பதைக் காணலாம். கிரேக்கர்களும் இதனைத் தெய்வ நோய் என்றே அழைத்தனர். ஆயின் இற்றைக்கு ஏறத்தாழ இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஹிப்போகிரட்டீசின் மரபைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், இது ஏனைய நோய்களைவிட எவ்விதத்திலும் தெய்வீகமானதன்று, மூளையிலிருந்தே எழுகின்றது என எழுதி வைத்தார். மூளையின் எப்பகுதியில், எதனால் என்ற வினாவுக்கு விடை கிடைப்பதற்கு இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த விடையின் பெயர்தான் அயன் கால்வாய். கலைத்துறையில் பட்டம் பெற்ற ஒருவனுக்கு இச்சொல் முதலில் மருட்சியையே தந்தது. ஆனால் மருதனார்மடத்தைச் சுற்றியுள்ள செம்மண் தோட்டங்களில் தண்ணீர் மாறுவதைப் பார்த்திருக்கும் எவருக்கும் இது விளங்காத விடயமன்று. கிணற்றிலிருந்து இறைக்கும் நீர் வாய்க்கால் வழியே ஓடிவரும். மடையை வெட்டினால் பாத்திக்குள் பாயும். மண்ணைத் தள்ளி அடைத்தால் அடுத்த பாத்திக்குப் போகும். நரம்புக்கலத்தைச் சூழ்ந்துள்ள மென்சவ்விலும் இத்தகைய மடைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவை புரதத்தாலானவை. மின்னேற்றம் கொண்ட அணுக்களாகிய அயன்களே அவற்றின் வழியே பாய்கின்றன. சோடியத்துக்கு ஒரு மடை, பொற்றாசியத்துக்கு வேறொன்று, கல்சியத்துக்கு இன்னொன்று, குளோரைட்டுக்கு மற்றொன்று எனத் தனித்தனியே அமைந்திருக்கின்றன. திறந்திருக்கும் ஒரு மடையினூடாக ஒரு செக்கனில் கோடிக்கணக்கான அயன்கள் செல்லக்கூடும்.

ஓய்விலிருக்கும் நரம்புக்கலத்தின் உள்ளே பொற்றாசியமும் வெளியே சோடியமும் மிகுந்திருக்கும். உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று குறைந்த மின்னழுத்தத்தில் இருக்கும். இது அற்பமாகத் தோன்றலாம். மென்சவ்வின் தடிப்போ ஒரு மில்லிமீற்றரின் இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு. அந்த இடைவெளியைக் கணக்கிற் கொண்டால், மீற்றருக்கு ஒரு கோடி வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்புலம் அங்கே நிலவுகின்றது. நரம்புக்கலம் தூண்டப்படும்போது சோடிய மடைகள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. உடனே அவை அடைபட்டுப் பொற்றாசிய மடைகள் திறக்கின்றன. பழைய நிலை மீள்கின்றது. யாவும் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு அளவில் நடந்து முடிந்துவிடும். ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இரு ஆங்கில விஞ்ஞானிகள் கணவாயின் பருத்த நரம்பொன்றைக் கொண்டு இதனைக் கணித வடிவில் நிறுவி 1952 இல் வெளியிட்டனர். நம்மவர் கறியாக்கும் கணவாயின் இனத்தைச் சேர்ந்த உயிரினமே நோபல் பரிசொன்றுக்கு 1963 இல் காரணமாயிற்று. தனியொரு மடையில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் முறையை நேயரும் சக்மனும் 1976 இல் கண்டனர். பொற்றாசிய மடையின் அணு வடிவத்தை மக்கினன் 1998 இல் வெளிக்கொணர்ந்தார்.

ஒரு நரம்புக்கலம் மற்றொன்றுடன் பேசுவதும் மடைகள் வழியேதான். நரம்பின் முனையில் கல்சிய மடைகள் திறந்ததும் இரசாயனப் பொருளொன்று வெளியேறுகிறது. அது குளுட்டமேற்று ஆயின் அடுத்த கலம் தூண்டப்படும். காபா எனப்படும் பொருளாயின், அடுத்த கலத்தில் குளோரைட்டு மடைகள் திறந்து அது அமைதிப்படுத்தப்படும். இந்தத் தூண்டலும் அமைதிப்படுத்தலும் ஒன்றையொன்று ஈடு செய்யும் வரையிலேயே நாம் நினைக்கின்றோம், பேசுகின்றோம், நடக்கின்றோம். ஈடு குலைந்து இலட்சக்கணக்கான கலங்கள் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் வெடிக்கத் தொடங்குவதே வலிப்பு.

சிலருக்கு மடையின் புரதமே பிறவியிற் பழுதாக அமைந்துவிடுகின்றது. பிரான்சிய மருத்துவரான சார்லொட் டிராவே 1978 இல் விவரித்த குழந்தை வலிப்பு இதற்குத் தக்க சான்று. முதல் வயது நிறைவதற்குள், பெரும்பாலும் காய்ச்சலுடன், நீண்ட வலிப்பாக அது தொடங்கும். சோடிய மடைகளுள் ஒரு வகைக்கான மரபணுவில் ஏற்பட்ட பழுதே காரணம் என 2001 இல் கண்டறியப்பட்டது. இங்கு ஒரு புதிர் உண்டு. சோடியம் உள்ளே பாய்வதுதானே தூண்டல்? சோடிய மடை பழுதானால் மூளை அமைதியடைய வேண்டுமல்லவா? அவ்வாறன்று. அந்த வகை மடை பெரும்பாலும் அமைதிப்படுத்தும் நரம்புக்கலங்களுக்கே இன்றியமையாதது. காவற்காரன் உறங்கிவிட்டான், வீட்டில் அமளி. ஆகவேதான் சோடிய மடைகளை அடைக்கும் பினிற்றோயின், கார்பமசெபின் போன்ற வழமையான வலிப்பு மருந்துகள் இக்குழந்தைகளுக்கு நோயை மேலும் மோசமாக்குகின்றன. வலிப்பு என்றவுடன் எவரோ ஒருவர் பாவித்து மிஞ்சிய குளிசையைக் கொடுத்துவிடும் பழக்கம் எத்துணை ஆபத்தானது என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

இனி மூளைக் கட்டிக்கு வருவோம். நரம்புக்கலங்களுக்குத் துணையாக மூளையில் கிளியா என்னும் கலங்கள் உள்ளன. இவற்றோடு தொடர்புடைய கட்டிகளைக் கிளியோமா என்பர். மெதுவாக வளரும் கிளியோமாக்களைக் கொண்டவர்களுள் பெரும்பான்மையினருக்கும், விரைந்து வளரும் கொடிய வகையில் மூன்றிலொரு பங்கு முதல் அரைவாசி வரையானோருக்கும் வலிப்பு ஏற்படுகின்றது. பலருக்கு அதுவே முதல் அறிகுறி. கட்டி மூளையை நெருக்குவதால் வலிப்பு வருகிறது என்றே நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. அது முழு உண்மையன்று. பெரிய கட்டி அமைதியாக இருப்பதும், சிறிய கட்டி ஓயாது வலிப்பைத் தருவதும் மருத்துவர்கள் அறிந்ததே.

கடந்த முப்பது ஆண்டுக்கால ஆய்வுகள் வேறொரு கதையைச் சொல்கின்றன. கிளியோமாக் கலங்கள் தம்மைச் சுற்றிக் குளுட்டமேற்றை உமிழ்கின்றன. அளவுக்கு மீறிய குளுட்டமேற்று அயலிலுள்ள நரம்புக்கலங்களை வெறியூட்டுகின்றது. பலவற்றைக் கொன்றும் விடுகின்றது. இதனால் கட்டிக்குப் பரவ இடமும் கிடைக்கின்றது. அமெரிக்காவின் அலபாமாவில் ஹரால்ட் சொன்ரைமரின் குழுவினர் 2011 இல் எலிகளில் இதனைத் தெளிவாகக் காட்டினர். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் சல்பாசலசின் என்னும் பழைய மருந்து அந்த உமிழ்வைத் தடுத்து எலிகளின் வலிப்பு மின்னலைகளைக் குறைத்தது. அதே மருந்தைக் கொடிய மூளைக் கட்டி உடைய நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த பெல்ஜியப் பரிசோதனையொன்று, பயனின்மையாலும் பக்கவிளைவுகளாலும் முன்னதாகவே நிறுத்தப்பட்டமை 2009 இல் வெளியாகியிருந்தது. எலியிலிருந்து மனிதனுக்கு உள்ள தூரம் பத்திரிகைத் தலைப்புகள் காட்டுவதைவிட அதிகம்.

குளுட்டமேற்றுடன் கதை முடியவில்லை. நரம்புக்கலங்கள் வெடிக்கும்தோறும் வெளியே சேரும் பொற்றாசியத்தை உறிஞ்சி அகற்றுவது கிளியாக் கலங்களின் கடமை. கட்டியாக மாறிய கலங்களில் இதற்கான மடைகள் குறைந்தோ இடம் மாறியோ விடுகின்றன. பொற்றாசியம் தேங்குகிறது, அயலிலுள்ள கலங்கள் சிறு தூண்டலுக்கும் வெடிக்கும் நிலைக்கு வருகின்றன. மேலும், கட்டியின் ஓரத்திலுள்ள நரம்புக்கலங்களிலிருந்து குளோரைட்டை வெளியேற்றும் பம்பி குன்றிவிடுகின்றது. தோட்டத்துக்கே திரும்புவோம். பாத்தி தாழ்ந்திருந்தால் மடையை வெட்டியதும் நீர் உள்ளே பாயும். பாத்தி மேடாகிவிட்டால் அதே மடையை வெட்டும்போது பாத்தியில் நின்ற நீர் வாய்க்காலுக்குத் திரும்பும். குளோரைட்டு நிரம்பிப்போன கலத்திலும் இதுவே நிகழ்கின்றது. அமைதிப்படுத்த வந்த காபா, மடையைத் திறந்து தூண்டலையே உண்டாக்குகின்றது. கட்டியைச் சுற்றி எழும் வலிப்புகளுட் சில வழமையான மருந்துகளுக்கு ஏன் எளிதில் அடங்குவதில்லை என்பதற்கு இது ஒரு விளக்கம்.

வேறொரு வகையிலும் கட்டிக் கலங்கள் மடைகளைத் தமக்கேற்பப் பயன்படுத்துகின்றன. மூளையின் நெருக்கமான இடுக்குகளினூடே ஊர்வதற்கு அவை தம்முடலைச் சுருக்க வேண்டும். பொற்றாசியத்தையும் குளோரைட்டையும் வெளியேற்றினால் நீரும் உடன் வெளியேறும். கலம் சுருங்கி நழுவிச் செல்லும். சத்திரசிகிச்சை நிபுணர் கண்ணுக்குத் தெரிந்த கட்டியை முழுவதும் அகற்றிய பின்னரும் அது மீண்டும் தோன்றுவதற்கு, இவ்வாறு நழுவிச் சென்ற கலங்களே காரணம். மத்திய கிழக்குப் பாலைவனத் தேளொன்றின் விடத்திலுள்ள குளோரோரொக்சின் என்னும் சிறு புரதம் கிளியோமாக் கலங்களில் ஒட்டிக்கொள்ளும் என்பது 1990களில் கண்டறியப்பட்டது. அது குளோரைட்டு மடையைத்தான் பற்றுகிறதா, வேறு புரதத்தையா என்பதில் பின்னர் கருத்து வேறுபாடு எழுந்தது. எனினும் சத்திரசிகிச்சையின்போது கட்டியை ஒளிரச் செய்து காட்டும் சாயமாக அதனைப் பயன்படுத்தும் முயற்சி அதிலிருந்தே பிறந்தது.

யாவற்றிலும் வியப்பான செய்தி 2019 செப்டெம்பரில் 'நேச்சர்' சஞ்சிகையில் வந்தது. அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் மிஷெல் மொஞ்சேயின் குழுவும், ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் பிராங்க் விங்க்லர், தோமஸ் கூனர் ஆகியோரின் குழுவும் தனித்தனியே ஒரே முடிவைக் கண்டிருந்தன. கட்டிக் கலங்கள் மூளையின் நரம்புக்கலங்களுடன் உண்மையான இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்கின்றன. நரம்புக்கலம் அனுப்பும் குளுட்டமேற்றைப் பெற்று, தம் மடைகளைத் திறந்து, அந்த மின்துடிப்பை வளர்ச்சிக்கான கட்டளையாக எடுத்துக்கொள்கின்றன. முதற் கட்டுரையின் முதலாசிரியர் ஹம்சா வெங்கடேஷ். இரண்டாவதன் முதலாசிரியர் வருண் வெங்கடரமணி. அதாவது மூளை கிளர்ச்சியடைந்தால் கட்டி வளர்கிறது. கட்டி வளர்ந்தால் மூளை மேலும் கிளர்ச்சியடைகிறது. வலிப்பு கட்டியின் விளைவு மட்டுமன்று, அதன் உணவும் ஆகலாம்.

இதனை வாசிக்கும் எவருக்கும், வலிப்பு மருந்தே கட்டிக்கும் மருந்தாகுமோ என்ற எண்ணம் எழும். குளுட்டமேற்று மடையொன்றை அடைக்கும் பெரம்பனெல் என்னும் மருந்து எலிகளில் கட்டியின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தியது. நோயாளரிடம் அதனைப் பரிசோதிக்கும் முயற்சியும் ஜேர்மனியில் தொடங்கப்பட்டது. ஆனால் அவசரப்பட்டு நம்பிக்கை வைக்கலாகாது. வல்புரோயேற்று, லெவெற்றிரசெற்றம் ஆகிய இரண்டும் மூளைக் கட்டி நோயாளரின் ஆயுளை நீட்டுமென்ற பேச்சு முன்னர் பரவியிருந்தது. பல பரிசோதனைகளின் தரவுகளை ஒன்றுதிரட்டி 2016 இல் வெளியிடப்பட்ட ஆய்வில் அத்தகைய பயன் எதுவும் காணப்படவில்லை. வலிப்பே வராத கட்டி நோயாளருக்கு முன்னெச்சரிக்கையாக நீண்ட காலம் வலிப்பு மருந்து கொடுக்க வேண்டியதில்லை என்பதே சர்வதேச வழிகாட்டல்களின் நிலைப்பாடு. வலிப்பு வந்தவருக்கோ மருந்து தேவை. அதிலும் பினிற்றோயின், கார்பமசெபின், பினோபாபிற்றோன் ஆகியவை ஈரலைத் தூண்டிப் புற்றுநோய் மருந்துகளை விரைவில் அழியச் செய்வதால், அவ்வாறு செய்யாத லெவெற்றிரசெற்றம் போன்றவற்றையே மருத்துவர்கள் பெரிதும் விரும்புகின்றனர்.

ஸ்கானில் தெரியும் நிழல் எல்லாம் கட்டியுமன்று. இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருப்பது, அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் உடைந்துபோகும் குடும்பங்களை அறிந்திருப்பதனால்தான். தமிழ்நாட்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இதற்கொரு படிப்பினை உண்டு. மொன்றியலில் வைல்டர் பென்பீல்டிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி 1949 இல் அங்கே நரம்பியற் பிரிவைத் தொடக்கி, 1952 இல் வலிப்புக்கான சத்திரசிகிச்சையையும் செய்தார். பின்னாளில் அங்கு பணியாற்றிய வேதாந்தம் ராஜசேகரும் சகாக்களும், வலிப்புடன் வருவோரின் ஸ்கானில் தெரியும் சிறிய வளையங்களை ஆராய்ந்தனர். காசநோய்க் கட்டியெனக் கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுக்கப்பட்டுவந்த அவற்றுட் பல, நாடாப்புழுவின் முட்டையால் உண்டான நுண்கட்டிகள் என நிறுவினர். 20 மில்லிமீற்றரிலும் சிறிய, ஒழுங்கான உருவமுடைய, மூளையைத் தள்ளாத நிழலாயின் அவசரப்படத் தேவையில்லை என்ற அளவுகோலை 1993 இல் முன்வைத்தனர். அதனால் வீணான சத்திரசிகிச்சையிலிருந்து தப்பியவர்கள் பலர்.

நமது மண்ணிலும் இத்தகைய அறிவைத் தமிழில் தரும் மரபு இருந்தது. மருதனார்மடத்திலிருந்து அதிக தொலைவிலில்லாத மானிப்பாயிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலான நூல்கள் அவ்வாறே அச்சேறின. உடலியலைத் தமிழில் படித்துப் பட்டறிந்த ஒரு பிரதேசத்தில், வலிப்பு வந்தவரின் கையில் திறப்பைத் திணிப்பது இன்றும் தொடர்வது நகைப்புக்குரியதா, வருந்தத்தக்கதா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். களைத்துப்போன மடைகள் அடைபடுவதாலும், மூளை தனது தடுப்புகளை மீட்பதாலும் அது நிகழ்கிறது. திறப்பு அந்த நேரத்தில் அங்கே இருந்தது, அவ்வளவே. செய்ய வேண்டியது, அவரை ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்தி, தலைக்குக் கீழே மெத்தென்று எதையாவது வைத்து, வாய்க்குள் எதனையும் திணிக்காமல், மணிக்கூட்டைப் பார்ப்பது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது தெளிவதற்கு முன் மீண்டும் வந்தால், 1990 இலக்க அம்புலன்ஸை அழைக்க வேண்டும். 2018 முதல் அச்சேவை வடமாகாணத்திலும் உண்டு.

மருந்தை இடையில் நிறுத்துவது வேறொரு கேடு. மருந்தின் துணையால் அடங்கியிருந்த மடைகள் அத்துணை அகன்றதும் முன்னரிலும் மூர்க்கமாகத் திறக்கலாம். 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின்னர் ஒரு குளிசையை இரண்டாக உடைத்து நாட்களை நீட்டிய குடும்பங்களை இக்குடாநாடு கண்டது. 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போதும் மருந்துக்காக மருந்தகம் மருந்தகமாக அலைந்தோம். இவை நம் கையில் இல்லாதவை. நம் கையில் உள்ளவையும் உண்டு. பெண்ணுக்கு வலிப்பு இருப்பதை மறைத்து மணமுடித்து, புகுந்த வீட்டில் குளிசை போட்டால் தெரிந்துவிடும் என நிறுத்தச் செய்வது அவற்றுள் ஒன்று. வல்புரோயேற்று கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கும் என்பதால் தாய்மையடையக்கூடிய பெண்களுக்கு மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். அதுவும் மருத்துவரிடம் மறைக்காமல் பேசினால்தான் நடக்கும். இந்தியாவில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் காட்டிய சட்டப்பிரிவு 1999 இல் நீக்கப்பட்டுவிட்டது. தரகரின் குறிப்புப் புத்தகத்திலிருந்து அது இன்னும் நீங்கவில்லை.

காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடம் சந்தியில் நிற்பவருக்குத் தெற்கே சுமார் ஐந்து மைலில் யாழ். போதனா வைத்தியசாலை. வடக்கே அதே வீதியில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை. அது 2011 இல் தெய்வேந்திரமுனைக்கும் பருத்தித்துறைக்கும் இடையே நடந்த நிதி திரட்டும் நடைபயணத்தின் பயனாக எழுந்தது. முப்பது வயதைக் கடந்தவருக்கு முதன்முதலாக வலிப்பு வந்தால், அதுவும் ஒரு கையிலோ ஒரு காலிலோ முகத்தின் ஒருபுறத்திலோ தொடங்கினால், மூளையை ஸ்கான் செய்து பார்க்கும் வரை அதனைச் சாதாரண வலிப்பெனக் கொள்ளலாகாது. சந்தையில் வீழ்ந்த அம்மனிதர் அன்று காலையே தெற்கு நோக்கிய பஸ்ஸில் ஏற்றப்பட்டிருக்கலாம். அவர் எழுந்து, கைகால் மண்ணைத் தட்டிவிட்டு, மீதி மூடைகளையும் இறக்கிவிட்டுத்தான் வீடு சென்றார்.